கீழ் டிவிசனின் கடைசிப் பந்தி

கலாதேவி அக்கா என்னோடு பழக ஆரம்பித்ததே என்னைத் திட்டுவதற்காகத்தான். நான் ஈப்போ ஞாயிறு லீக்குக்கு ஆட்ட அட்டவணை போடுகிறவன். எந்தக் குழு எந்த வாரம் எந்தத் திடலில் ஆடும் என்று எழுதி அனுப்புவது என் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். மழை பெய்தாலும் என்னைத்தான் கேட்பார்கள், நடுவர் தாமதமாக வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். கோல் கம்பத்தில் யாராவது மாட்டைக் கட்டிவைத்திருந்தால் அதற்கும் பிச்சைமுத்துதான் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா கீழ் டிவிசன் குழுவின் மேலாளர். அறுபதை நெருங்குகிற வயது. புந்தோங்கில் டோபிக் கடை வைத்திருக்கிறார். லீக்கில் பாதிக் குழுக்களின் ஜெர்சி அவருடைய இயந்திரத்தில்தான் சுற்றும். கீழ் டிவிசன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, பாவம், லீக்கில் அடிமட்டத்தில் ஆடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தோட்டத்துப் பெயர்.

கோப்பெங் பக்கம் ஆனைக்கல் என்று ஒரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. மேட்டில் இருந்த லய வீடுகள் மேல் டிவிசன், ஆற்றோரம் இருந்தவை கீழ் டிவிசன். இரண்டுக்கும் ஒரே துரை, கணக்கு எழுத ஒரே கிராணி, ஒரே கடை. ஆனால் கோயில் வேறு, திடல் வேறு, காற்பந்துக் குழு வேறு. மேல் டிவிசனுக்குப் பச்சை ஜெர்சி, கீழ் டிவிசனுக்கு மஞ்சள். பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள், சாவுக்கு ஓடி வருவார்கள். பந்து என்று வந்துவிட்டால் மட்டும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அந்தக் காலத்து லீக்கே வேறு. ரயில்வேக்காரர்களுக்கு ஒரு குழு, நகராண்மைக்கு ஒரு குழு, ஈயச் சுரங்கத்துக்கு ஒன்று, பஸ் கம்பெனிக்கு ஒன்று, சீனர் சங்கங்களுக்கு இரண்டு மூன்று, அப்புறம் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து லாரியில் வந்து இறங்குகிற குழுக்கள். சுரங்கம் மூடியதும் சுரங்கக் குழு போனது. பஸ் கம்பெனி கைமாறியதும் அந்தக் குழுவும் போனது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனையாகவும் செம்பனையாகவும் மாறியபோது தோட்டத்துக் குழுக்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன, அல்லது கலைந்தன. அந்த இடத்தில் இப்போது ஃபுட்சால் பழகிய இளவட்டங்களின் குழுக்கள் வந்திருக்கின்றன. அவர்களுடைய குழுப் பெயர்களை வாய்விட்டுப் படிக்க எனக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

ஒரு குழு சாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் தலைவர் ஆட்டத்துக்கு வருவது நிற்கும். பிறகு ஜெர்சியும் கால்சட்டையும் ஆளுக்கொரு நிறத்தில் வரும். பிறகு எனக்குப் போன் வரும், "அண்ணே, இந்த வாரம் ஆள் பத்தலலா" என்று. அதோடு சரி. லீக்கிலிருந்து வெளியே போன எந்தப் பழைய குழுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஆனைக்கல் தோட்டமும் போனது. சனங்கள் புந்தோங் அடுக்கு வீடுகளுக்கும் சிம்பாங் பூலாய்க்கும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு குழுக்களையும் ஒன்றாக்கிவிடுங்கள், பலமாக இருக்கும் என்று லீக்கில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம். நடக்கவில்லை. காரணம் ஒரு பெனால்டி.

தோட்டத்தில் கடைசியாக நடந்த தீபாவளிக் கிண்ண இறுதியாட்டம் அது. மேல் டிவிசனுக்குத் தடுப்பாட்டக்காரர் பத்துமலை அண்ணன். கீழ் டிவிசனுக்கு முன்னால் ஆடியவர் அர்ச்சுனன். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அர்ச்சுனன் கோல் எல்லைக்குள் விழுந்தார். நடுவராக இருந்த கிராணி ஊதிவிட்டார். பெனால்டி கோலானது, கிண்ணம் ஆற்றோரம் இறங்கிப் போனது. தன் கால் படவே இல்லை, அவராகத்தான் விழுந்தார் என்று பத்துமலை அண்ணன் அன்று கத்தியவர்தான், இன்றுவரை நிறுத்தவில்லை. அந்தக் கொதிப்பு ஆறுவதற்குள் அவருடைய சொந்தத் தங்கை கலாதேவி, கட்டினால் அந்த அர்ச்சுனனைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டார். கல்யாணமும் நடந்தது. அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பத்துமலை அண்ணன் மேல் டிவிசன் குழுவுக்குத் தலைவரானார். அர்ச்சுனன் கீழ் டிவிசனை நடத்தினார். சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் அவர் போனபோது, குழுவும் அவரோடு போய்விடும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். காரியம் முடிந்த வாரம் அக்காவே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பிச்ச, அடுத்த மேட்ச் எந்தப் பாடாங்ல?"

"அக்கா, டீம யாரு பாத்துக்குவா?"

"ஏன், ஒன் கண்ணுக்கு நான் தெரியலயா?"

நடத்தினார். எப்படி நடத்தினார் என்பதைக் கூட இருந்து பார்த்தவன் நான். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவனுக்காக மேற்பார்வையாளரிடம் போனில் பேசி ஷிஃப்ட் மாற்றுவார். மருத்துவமனையில் வேலை பார்க்கும் டேரன் வெளியே வரும்போது, துணி ஏற்றும் வேனோடு வாசலில் காத்திருப்பார். அவன் வேனுக்குள்ளேயே ஜெர்சி மாட்டிக்கொண்டு நேராகத் திடலில் இறங்குவான். தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் போதவில்லை என்றதும் பக்கத்து அடுக்கு வீட்டிலிருந்து இரண்டு மலாய்க்காரர்களையும், சோற்றுக்கடை வைத்திருக்கும் ஒரு சீனரையும் கொண்டுவந்து சேர்த்தார். அந்தச் சீனரும் சேர்ந்து "கீழ் டிவிசன்! கீழ் டிவிசன்!" என்று கத்தும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். கடையை நடத்தி, மகளைப் படிக்கவைத்து, பதினோரு ஆம்பிளைகளை வாராவாரம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கவைப்பது லேசான காரியம் இல்லை. என்னால் என் வீட்டில் மூன்று பேரை ஒன்றாகச் சாப்பிட உட்காரவைக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வீம்புக்கும் நடுவில் மேல் டிவிசனின் பச்சை ஜெர்சிகள் எல்லா வாரமும் அக்கா கடைக்குத்தான் வெளுப்புக்கு வந்தன. பத்துமலை அண்ணன் வர மாட்டார், ஆளை அனுப்புவார். அக்காவும் ஒரு சொல் கேட்க மாட்டார், மடித்துக் கொடுத்துவிடுவார். ஈப்போவில் வேறு டோபிக் கடையே இல்லாத மாதிரி.

இந்த ஆண்டு கீழ் டிவிசனுக்கு நேரம் சரியில்லை. வரிசையாகத் தோற்று அடிமட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கடைசி இடத்தில் முடிக்கிற குழு லீக்கை விட்டு வெளியேற வேண்டும். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், சமன் செய்தாலே போதும். அந்தக் கடைசி ஆட்டம் மேல் டிவிசனோடு. அவர்களோ உச்சியில் நிற்கிறார்கள், அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் கிண்ணம் அவர்களுக்கு. பத்துமலை அண்ணன் தொட்டுப் பார்க்காத கிண்ணம் அது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் இரண்டு ஞாயிறு விடாமல் மழை. திடல் குளமானது, ஆட்டம் தள்ளிப்போனது. தள்ளிப்போய் எங்கே விழுந்தது தெரியுமா? அக்கா மகள் சாந்தினியின் கல்யாண நாள் சாயங்காலத்தில். மாப்பிள்ளை யார்? விக்னேஸ்வரன், கீழ் டிவிசனின் கோல் காப்பாளர். இருந்த இன்னொரு கோல் காப்பாளருக்கு வேலையிடத்தில் விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்தது.

"உனக்கு அறிவு இருக்கா? எம்மக கல்யாணத்தன்னிக்கா மேட்ச் வைப்ப?" கடைக்குள் நான் கால் வைக்கும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, மழை பேஞ்சதுக்கு நான் என்னக்கா செய்வேன்? ரெண்டு டீமும் சரின்னா ஒரு வாரம் தள்ளிரலாம். அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

"பத்திரிக வைக்கப் போவேன். தாய்மாமன் இல்லாம கல்யாணமா? ஆனா பந்தப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேன். தங்கச்சி பயந்துக்கிட்டு தள்ளச் சொன்னான்னு ஊரெல்லாம் பேசுவாருலா."

அங்கே போனால் அண்ணன், "அவளா வந்து கேக்கட்டும். கேட்டா தள்ளிக்கலாம்" என்கிறார். இரண்டு பேரும் ஒரே அச்சு. இவர்களுக்கு நடுவில் நான் கிடந்து அல்லாடினேன்.

பத்திரிகை வைக்க அக்காவை என் காரில்தான் கூட்டிப் போனேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை வைத்து அண்ணனும் அண்ணியும் நிற்க முறையாகக் கொடுத்தார். காப்பி வந்தது. அண்ணன் குடிக்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா கலா?"

"ஒண்ணு சொல்லணும் அண்ணே."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"மொத பந்தியில உங்க ஆளுங்கதான் உக்காரணும். உங்க டீம் பசங்க எல்லாரையும் ஒருத்தர் விடாம கூட்டியாங்க. தாய்மாமன் வீட்டு ஆளுங்க, நான் நின்னு பாத்துக்கணும்."

அண்ணனுக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் மரியாதை மரியாதைதானே, சரி என்று தலையாட்டினார். திரும்பும் வழியெல்லாம் அக்கா ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். மகள் கல்யாணச் சந்தோஷம் என்று நினைத்தேன். மடையன்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். பத்துமலை அண்ணன் பட்டு வேட்டியில் வந்து, தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாக இறக்கி, மருமகளுக்கு மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். தாலி ஏறும்போது அவருக்குக் கண் கலங்கியது. அதுவரைக்கும் எல்லாக் கல்யாணத்தையும் போலத்தான்.

பந்தி போட்டார்கள். முதல் வரிசையில் மேல் டிவிசன் குழு முழுக்க உட்கார்ந்திருந்தது, வரிசைக் கடைசியில் நானும். பரிமாற வாளியோடு வந்தவர்களைப் பார்த்தேன். இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு சோற்று வாளியோடு டேரன், சாம்பார் வாளியோடு தீபன், ரசத்தோடு சோற்றுக்கடைச் சீனர். மாப்பிள்ளை நீங்கலாக கீழ் டிவிசன் மொத்தமும் பரிமாறிக்கொண்டிருந்தது. எங்கள் வழக்கத்தில் பரிமாறுகிறவனுக்குக் கடைசிப் பந்திதான், நடுவில் ஒரு வாய் போட முடியாது. உட்கார்ந்திருக்கிறவனுக்கோ, பெண்ணைப் பெற்றவள் எதிரே நின்று போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அக்கா எதிரே நின்றார். இலை இலையாக நின்றார்.

"தர்மா, என்னாப்பா இது? எம்மக கல்யாணத்துல கொறிச்சிக்கிட்டு இருக்க? டேய் டேரன், தர்மா மாமாவுக்கு சோறு போடு. பாயாசம் யாருகிட்ட இருக்கு?"

தர்மா மேல் டிவிசனுக்குக் கோல் அடிக்கிறவன். நெய் மிதக்கும் பாயாசம் அவன் இலையில் விழுந்து, தீர்ந்து, மறுபடி விழுந்தது. மூன்றாவது கரண்டி விழும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்து, "பிச்ச, உனக்கு இன்னும் கொஞ்சம் அப்பளம்?" என்று கேட்டார், முகத்தில் ஒன்றுமே இல்லாமல். எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது எனக்கு.

கடைசிப் பந்தியை அக்கா போடவே இல்லை. பரிமாறியவர்களுக்கான சோறும் கறியும் பாயாசமும் மூடி போட்ட வாளிகளில் துணி வேனுக்குள் ஏறின. அவர்களுக்கு விடியற்காலையில் இட்லி கொடுத்ததோடு சரி, மதியம் ஆளுக்கொரு வாழைப்பழம்.

மாப்பிள்ளையைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. விக்னேஸ்வரனின் தாயார் மாரியம்மா, தாலி கட்டிய கையோடு மகனைச் சேற்றில் விழ விட மாட்டேன் என்று கதவை மறித்து நின்றார்.

"சம்பந்தியம்மா," என்றார் அக்கா. "நான் மாமியாரா கேக்கல. மேனேஜரா கேக்கறேன். இவரு வரலன்னா எங்க டீம் இன்னியோட முடிஞ்சிரும்."

மணப்பெண் சாந்தினியே முடித்துவைத்தாள். "போய்ட்டு வாங்க. ஆனா கோல் விட்டுட்டு வீட்டுப் பக்கம் வராதீங்க." அப்பா அர்ச்சுனனின் மகள், வேறு எப்படிப் பேசுவாள்?

மாரியம்மா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. கையில் கட்டிய கங்கணத்தை மூன்றாம் நாள்தான் அவிழ்க்க வேண்டும், எது நடந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. அக்கா வாக்குக் கொடுத்தார்.

திடலில் அந்த வாக்குதான் வந்து நின்றது. நடுவர் லியோனார்ட் சித்தியவான் ஊர்க்காரர், கண்டிப்பானவர். விக்னேஸ்வரன் கையுறை மாட்டப் போகும்போது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய கயிற்றைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அத கழட்டணும். கையில எதுவும் இருக்கக் கூடாது."

"சார், கல்யாணக் கயிறு. இன்னிக்குத்தான் சார் கட்டுனது."

லியோனார்ட் தயங்கினார். எங்கள் லீக் விதியில் ஒரு வழி இருந்தது. மறுகுழு ஆட்சேபிக்காவிட்டால், கழற்ற முடியாததை டேப் சுற்றிக்கொண்டு ஆடலாம். அவர் அதைச் சொன்னதும் திடலில் இருந்த எல்லாத் தலைகளும் பத்துமலை அண்ணன் பக்கம் திரும்பின. அவர் முடியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். கீழ் டிவிசனுக்குக் கோல் காப்பாளர் இல்லை. கிண்ணம் அண்ணன் வீட்டு அலமாரிக்கு, தங்கையின் குழு வெளியே.

அண்ணன் அந்தக் கோட்டோரம் நின்றார். அக்கா இந்தக் கோட்டோரம் நின்றார். இந்தப் பாழாய்ப்போன வீம்பு குழுவையே விழுங்கிவிடும் போலிருக்கிறதே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்போது அக்கா கல்யாணப் பட்டுச்சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத் திடலில் நடக்க ஆரம்பித்தார், அண்ணனை நோக்கி. இத்தனை வருஷத்தில் பந்துக்காக அண்ணனைத் தேடி அவர் எடுத்துவைத்த முதல் அடி அது. அருகே போய், "அண்ணே..." என்று வாயைத் திறந்தார்.

"நீ ஒண்ணும் கேக்க வேணாம்," என்றார் பத்துமலை அண்ணன்.

அவரே போய் லீக்கின் முதலுதவிப் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்தார். விக்னேஸ்வரனின் கையைப் பிடித்து, கங்கணம் வெளியே தெரியாதபடி சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே நடுவரைப் பார்த்து, "நான் முன்ன நின்னு நடத்துன கல்யாணம் சார். எங்க பக்கத்துல ஒரு ஆட்சேபமும் இல்ல" என்றார். பின்னால் தர்மா ஏதோ முணுமுணுத்தான். அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

ஆட்டத்தை விவரிக்கத் தேவையில்லை. மேல் டிவிசன் நல்ல குழு, பந்தைக் காலில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் ஓட வேண்டிய இடத்தில் நடந்தார்கள். தர்மா இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாழைப்பழத்தில் ஓடிய மஞ்சள் ஜெர்சிகள் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. கடைசி நிமிடத்தில் மட்டும் தர்மா எங்கிருந்தோ தெம்பைக் கூட்டித் தலையால் ஒரு முட்டு முட்டினான். கோல்தான் என்று நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது புது மாப்பிள்ளை சேற்றில் குப்புறக் கிடந்தான், டேப் சுற்றிய கைக்கு அடியில் பந்து கிடந்தது.

பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம். நடுவர் ஊதினார். மகளை மணவறையில் ஏற்றும்போதுகூட அழாத அக்கா, கோட்டுக்கு வெளியே அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கீழ் டிவிசன் லீக்கில் இருந்தது. கிண்ணம் வேறொரு குழுவுக்குப் போனது, வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு குழுவுக்கு.

பிறகு வேனிலிருந்து வாளிகள் இறங்கின. திடல் ஓரத்து மழைமரத்தடியில் பாய் விரித்து, வரிசையாக இலை போட்டார்கள். மஞ்சள் ஜெர்சிகள் சேறும் வியர்வையுமாக உட்கார்ந்தன, பசியில் கண் இருண்டு போயிருந்தது. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கப் போனார். அதற்குள் ஒரு கை அதைப் பிடித்தது.

பத்துமலை அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "டேய், ஆளுக்கு ஒரு வாளி எடுங்க" என்று தன் ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பச்சை ஜெர்சிகள் எழுந்து வந்தன. தர்மாவே சோறு போட்டான். போட்டுக்கொண்டே, "நல்லா சாப்பிடுங்கடா, அடுத்த சீசன் பாத்துக்கறேன்" என்றான்.

"நீயும் காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. உக்காரு கலா," என்றார் அண்ணன்.

அக்கா சீனருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்தார். அண்ணன் குனிந்து தங்கையின் இலையில் சோறு போட்டார், சாம்பார் ஊற்றினார், கடைசியில் பாயாச வாளியோடு வந்து நின்றார்.

"எவ்ளோ நெய் ஊத்துன இதுல?"

"தாய்மாமன் வீட்டு ஆளுங்களுக்கு அளவு பாக்க முடியுமாண்ணே?"

அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவாச்சும் நெசத்த சொல்லுங்க. அன்னிக்கி அது பெனால்டியா, இல்லையா?"

"இல்லவே இல்ல," என்றார் பத்துமலை அண்ணன். "என் காலு படவே இல்ல. ஒம் புருசன் அவராதான் விழுந்தாரு."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றினார். அக்கா கையை நீட்டித் தடுக்கவில்லை.